அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்

பட்டுப்புடவைக் கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்க்காமல் நம் வீட்டுப் பெண்கள் பணம் கட்ட மாட்டார்கள். கடைக்காரர்களும் அதைத் தவறாக நினைப்பதில்லை. "வெளிய வந்து பாருங்கம்மா" என்று அவர்களே கூப்பிடுவார்கள். அந்த வாசல் வெளிச்சத்தை நாலு சுவருக்குள், ராத்திரி பத்து மணிக்கும் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் இணையத்தில் புடவை விற்கும் கடைகளுக்குப் படமும் சின்னச் சின்ன வீடியோவும் எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் சில வருடங்கள் ஒளிப்பதிவு உதவியாளனாக இருந்தேன்.

"அண்ணே, எந்த லைட் வாங்கலாம்?" என்று தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள். எத்தனை வாட், என்ன விலை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்யாண வரவேற்பு எடுப்பவனுக்கு முகம் நன்றாக வந்தால் போதும். எனக்கு அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும். இல்லையென்றால் "படத்துல ஒரு கலர், பார்சல்ல ஒரு கலர்" என்று புடவை திரும்பி வரும். கூரியர் செலவு கடைக்காரர் தலையில், வசவு என் தலையில்.

"அதான் வொயிட் பேலன்ஸ் இருக்கே" என்பார்கள் அடுத்து. வொயிட் பேலன்ஸ் செய்யும் வேலை ரொம்பச் சின்னது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது குறைச்சலோ அதை மொத்தமாகத் தூக்கி, சாம்பல் அட்டை சாம்பலாகவே தெரியும்படி செய்யும். அவ்வளவுதான். ஒளியில் ஒரு குறிப்பிட்ட சிவப்பே இல்லையென்றால் அதை எங்கிருந்து கொண்டுவரும்? புளி கரைத்து ஊற்றாத குழம்பில் உப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற கதைதான் அது.

சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் (ஒளியின் அலைநீள அளவு, எண் ஏற ஏற நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும்) பக்கத்தில் நீல ஒளி விடும் ஒரு சில்லு. (இந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.) சில்லின் மேல் பாஸ்பர் என்ற, ஒளி பட்டால் வேறு நிறத்தில் ஒளிரும் மஞ்சள் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மிச்சம் அப்படியே வெளியே வருகிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. ஆனால் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே, 480 பக்கத்தில், ஒரு பள்ளம் விழுந்திருக்கும். 620ஐத் தாண்டியதும் சிவப்பு சரசரவென்று இறங்கிவிடும். அரக்குப் பட்டு திருப்பித் தரும் ஒளியோ பெரும்பாலும் 600க்கு மேல்தான். மயில் கழுத்து நிறத்துக்கு அந்த 480 பக்கம் வேண்டும். கடைக்காரர்கள் பெருமையாக முதலில் எடுத்து விரிக்கும் இரண்டு நிறமும் சரியாக இரண்டு பள்ளத்திலும் போய் விழுகின்றன. அரக்கு செங்கல் ஆகும், மயில் கழுத்து வெறும் நீலம் ஆகும்.

இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். வீட்டில் பழைய சி.டி. ஒன்று கிடந்தால் போதும். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு, சி.டி.யின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் வானவில் பட்டை தெரியும். விளக்கை ஒரு அட்டையால் மறைத்து, மெல்லிய பிளவு வழியாக மட்டும் வெளிச்சம் விட்டால் இன்னும் துல்லியம். பழைய குண்டு பல்பில் சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளியில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சி.எஃப்.எல். என்றால் பட்டை துண்டு துண்டாக நிற்கும்: ஒரு சிவப்புக் கோடு, ஒரு பச்சைக் கோடு, ஒரு நீலக் கோடு, நடுவில் இருட்டு. அந்தப் பச்சைக் கோட்டில் பாதரசத்தின் 546 நானோமீட்டரும் சேர்ந்திருக்கிறது. பழைய படப்பிடிப்புகளில் டியூப்லைட் வெளிச்சத்தில் முகமெல்லாம் பாசி பிடித்த மாதிரி தெரிந்ததற்கும், விளக்கின் மேல் மைனஸ் கிரீன் ஜெல் (பச்சையைக் குறைக்கும் மெஜந்தா நிறத் தாள்) ஒட்டியதற்கும் காரணம் அதுதான். எல்.இ.டி.யில் பட்டை தொடர்ச்சியாகத் தெரியும், ஆனால் நீலம் முடியும் இடத்தில் மங்கும், சிவப்பு ஓரம் குட்டையாக இருக்கும். நல்ல விளக்கையும் மலிவு விளக்கையும் அடுத்தடுத்து வைத்து அந்தச் சிவப்பு ஓரத்தை மட்டும் பாருங்கள், போதும்.

சரி, பெட்டியில் "சி.ஆர்.ஐ. 95+" என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா? பாதி நம்பலாம். சி.ஆர்.ஐ. என்பது ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று அளக்க 1960களில் சி.ஐ.இ. என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு கொண்டுவந்த கணக்கு. எட்டு மாதிரி நிறங்களை எடுத்து, இந்த விளக்கில் அவை எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்து சராசரி போடுவார்கள். எட்டும் வெளிறிய, சாதுவான நிறங்கள். நம் ஊர்ப் பட்டில் இருக்கும் அழுத்தம் அவற்றில் ஒன்றுக்கும் கிடையாது. அழுத்தமான சிவப்புக்கு ஆர்9 என்று தனியாக ஒரு மாதிரி உண்டு, ஆனால் சராசரியில் அதைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் 80 மதிப்பெண் வாங்கிய வீட்டு பல்பு ஆர்9இல் பூஜ்யத்தையொட்டி நிற்கிறது, சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது. மைனஸ் வாங்கினாலும் பாஸ் போட்டுவிடும் தேர்வு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நான் விளக்கு வாங்கும்போது ஆர்9ஐயும், அழுத்தமான நீலத்துக்கான ஆர்12ஐயும் தனித்தனியாகக் கேட்பேன். ஆர்9 90க்கு மேல் இருந்தால் பேச்சைத் தொடர்வேன். ஆர்12 பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும், எண்பதை ஒட்டி இருந்தால் ஒத்துக்கொள்வேன். விற்பவருக்கு அந்த எண்களே தெரியவில்லை என்றால் நடையைக் கட்டிவிடுவேன். ஒருமுறை ஒரு கடையில் பெட்டி நிறைய 97, 98 என்று அச்சடித்த பேனல் ஒன்றைக் காட்டினார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர், வாடகைக்கு எடுத்தது, அன்று பையில் இருந்தது. வைத்துப் பார்த்தால் ஆர்9 ஐம்பதுகளில் இருந்தது. "எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க சார்" என்றார் கடைக்காரர். போகட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சி.ஆர்.ஐ. மனிதக் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. கேமரா சென்சாரின் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. என் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு விளக்குகளில் ஒரே கத்தரிப்பூ நிறம் கேமராவில் இரண்டு விதமாக வரும். இதற்காக ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் சங்கம் 2012இல் டி.எல்.சி.ஐ. என்ற அளவைக் கொண்டுவந்தது. அதில் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாதிரிக் கேமராவும் திரையும் உட்கார்ந்திருக்கும். தொலைக்காட்சிக்குப் பொருத்தமான அளவுதான், ஆனால் அந்த ஒரு மாதிரிக் கேமரா உங்கள் கையில் இருக்கும் கேமரா ஆகாது. ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் தொழில்நுட்பக் குழு அதற்கப்புறம் எஸ்.எஸ்.ஐ. என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் கண்ணும் இல்லை, கேமராவும் இல்லை. இந்த விளக்கின் நிறமாலை (எந்த நிறம் எவ்வளவு என்ற பட்டை) டங்ஸ்டன் இழை விளக்குக்கோ பகல் ஒளிக்கோ எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நேராக ஒப்பிட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும். எனக்குப் பிடித்தது இதுதான். பகல் நிற எல்.இ.டி. பலவும் இதில் எழுபதுகளில் நிற்பது சாதாரணம், பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பெட்டியில் பெரிய எழுத்தில் போடத் தயங்குகிறார்கள் என்பதே அந்த எண் உண்மை பேசுகிறது என்பதற்கு அடையாளம்.

போகிற போக்கில் ஒன்று. சி.ஆர்.ஐ.யின் கூடுதல் மாதிரிகளில் ஆர்13 வெள்ளைக்காரர் தோல் நிறம். பின்னால் ஜப்பான்காரர்கள் தங்கள் பங்குக்கு ஆர்15 என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நம் நிறத் தோலுக்கு அந்தப் பட்டியலில் ஒரு கட்டமும் கிடையாது. மாடலின் கை எப்படி வருகிறது என்பதை அதனால் எண்ணில் தேட மாட்டேன், திரையில்தான் பார்ப்பேன்.

சினிமாவில் வேலை பார்த்தவர்கள் உடனே "டங்ஸ்டனை அடிச்சுக்க முடியாதுப்பா" என்பார்கள். பேபி, மல்டி என்ற டங்ஸ்டன் விளக்கெல்லாம் எரிந்த செட்டில் நானும் நின்றிருக்கிறேன். 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) டங்ஸ்டன் ஹாலஜனில் பள்ளமும் கிடையாது மேடும் கிடையாது, சிவப்பு அள்ளிக் கொட்டும். அரக்கும் குங்குமச் சிவப்பும் அதில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. ஆனால் பட்டுக்கு அதை நான் எடுப்பதில்லை. முதலில் சூடு. மின்சாரத்தில் பெரும்பங்கு வெளிச்சமாகாமல் அனலாகத்தான் போகிறது, சின்ன அறையில் புடவை கட்டி நிற்கும் பெண் பாவம். அடுத்தது, டங்ஸ்டனில் நீலம் ரொம்பக் குறைச்சல். கேமரா நீலச் சேனலைத் தூக்கிக் கொடுக்கும்போது நாய்ஸும், அதாவது படத்தில் விழும் புள்ளிகளும், சேர்ந்து ஏறும். எம்.எஸ். ப்ளூ புடவையின் மடிப்பு நிழலில் மணல் தூவின மாதிரி இருக்கும். மூன்றாவது, அகச்சிவப்பு. சில கறுப்புத் துணிகளின் சாயம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். சில வீடியோ கேமராக்களில், அதுவும் வெளிச்சத்தைக் குறைக்கும் கனமான என்.டி. ஃபில்டர் போட்டால், கறுப்பு ரவிக்கை மெரூன் ரவிக்கை ஆகிவிடும். ஆக, டங்ஸ்டன் நல்லவர்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் மாப்பிள்ளையாக அனுப்ப முடியாது.

ஸ்டில் படத்துக்கு நான் நம்புவது ஃபிளாஷ். செனான் குழாயின் ஒளி தொடர்ச்சியானது, பகல் ஒளிக்கு நெருக்கமானது, 5500 கெல்வினை ஒட்டி நிற்கும். வெளிச்சம் மின்னி மறைவதால் அறையில் மற்ற விளக்குகளின் கலப்பும் பெரும்பாலும் பதிவாகாது. கவனிக்க வேண்டியது பவர். குறைத்தால் சில மாடல்களில் நிறம் சிவப்புப் பக்கமும் சிலவற்றில் நீலப் பக்கமும் நகரும். அதனால் ஒரு தொகுப்பு முடியும்வரை பவரைத் தொடமாட்டேன். வெளிச்சம் கூடிப்போனால் விளக்கைத் தள்ளி வைப்பேன்.

ஃபிளாஷில் இன்னொரு வேடிக்கை, வெள்ளை வேட்டி. இப்போது வரும் வெள்ளைத் துணிகளிலும் சோப்புத் தூளிலும் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும் வெளுப்பான் இருக்கிறது. புற ஊதாப் பூச்சு இல்லாத ஃபிளாஷ் குழாயில் வேட்டி நீலம் அதிகமாய்ப் போட்டுத் துவைத்தது போல வரும். சாதாரண எல்.இ.டி.யில் புற ஊதா இல்லாததால் அதே வேட்டி மங்கிப் பழுப்பாகத் தெரியும். இரண்டில் எது நிஜம்? வாசலில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். செலவைக் குறைக்க, வெளிச்சத்தை மென்மையாக்க விளக்கின் முன்னால் கட்டும் டிஃப்யூஷனாக வேட்டியையே கட்டும் ஆட்களும் உண்டு. வெளிச்சமே அதன் வழியாக வருவதால் மொத்தப் படமும் லேசாக நீலம் பூசிக்கொள்ளும். பட்டர் பேப்பர் பரவாயில்லை, ஆனால் சூட்டில் மஞ்சளாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் துணியும் வருடங்கள் போகப் போகப் பழுக்கும்.

வீடியோவுக்கு எல்.இ.டி.யைத் தவிர வழியில்லை. அதில் ஒரே நிறம் தரும் பகல் விளக்குதான் என் விருப்பம். இரண்டு வெள்ளை கலக்கும் பை-கலர் வசதியானதுதான், ஆனால் கலவையை நடுவில் வைத்தால் வெளிச்சம் லேசாக மெஜந்தா பக்கம் சாயும். ஏதாவது ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றை மட்டும் கலந்து வெள்ளை தரும் மலிவு ஆர்.ஜி.பி. விளக்குகளைப் பின்னணிச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்று ஒல்லிக் கோபுரங்கள்தான் இருக்கும், நடுவில் மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் காலி. தோல் ரோஸ் பூசின மாதிரி ஆகும், சிவப்புப் புடவை உள்ளதைவிடக் கத்தும். விலை கூடிய விளக்குகளில் மூன்றோடு வெள்ளை, ஆம்பர், லைம் என்று சேர்த்து அந்தக் காலியிடத்தை அடைக்கிறார்கள்.

முந்தானை காற்றில் பறந்து மெதுவாக விழும் ஷாட் எல்லோருக்கும் வேண்டும். அதில் விளக்கு துடிக்கும் ஃபிளிக்கரும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேராக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 25 ஃபிரேமில் 1/50 ஷட்டர் வைத்தால் தப்பிக்கலாம். 24 ஃபிரேமில் எடுப்பவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் அதே 1/50தான். ஸ்லோ மோஷனில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. அங்கே ஃபிளிக்கரே இல்லாத டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று) உள்ள விளக்குதான் வேண்டும். மலிவு விளக்கை டிம் செய்தால் உள்ளே அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும், கோடு கோடாக விழும். கடையிலேயே போன் கேமராவில் ஷட்டரை வேகமாக வைத்து, விளக்கைப் பாதி டிம் செய்து பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு நல்ல விளக்கானாலும் கடைக்குள் போய் எடுக்கும்போது மேலே எரியும் டியூப்லைட்டை அணைக்கச் சொல்வதுதான் பெரிய பாடு. "இருக்கட்டும் தம்பி, வெளிச்சம் கூடத்தானே வருது" என்பார் முதலாளி. ஒரு புடவையின் ஒரு பாதி என் விளக்கிலும் மறுபாதி அவர் விளக்கிலும் இருந்தால் எந்த வொயிட் பேலன்ஸாலும் இரண்டையும் சேர்க்க முடியாது. சுவரும் ஒரு விளக்குதான். இளம்பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்த வெண்பட்டு பச்சை வாங்கும். என் அறையைச் சாம்பலாக அடித்துவிட்டேன், வேலைக்கு வரும்போது நானும் கறுப்பு அல்லது சாம்பல் டி-ஷர்ட்தான். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் மயில் கழுத்து ஏமாற்றும். பாவு (நீள இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) பச்சை என்று நெய்த துணிக்கு ஒரு நிறம் என்பதே கிடையாது. வெளிச்சம் பாவு ஓட்டத்தில் விழுந்தால் ஒன்று, ஊடை ஓட்டத்தில் விழுந்தால் இன்னொன்று. தட்டையாக விரித்து நேர் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் குழம்பிச் சேற்று நீலமாக வரும். நான் இரண்டு மூன்று மடிப்பு விட்டு, ஒரே ஒரு பெரிய மென்வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைப்பேன். மடிப்பின் ஒரு தோளில் பச்சை, மறு தோளில் நீலம் எழுந்து வரும். ஜரிகைக்கும் அதுவே நல்லது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் வைத்தால் அதன் பிம்பம் ஜரிகையில் படிந்து தங்கம் தெரியும், வைக்காவிட்டால் ஜரிகை கறுக்கும். பளபளப்பைக் கொல்கிறேன் என்று விளக்கிலும் லென்ஸிலும் பளபளப்பை வடிகட்டும் போலரைசர் போட்டுக் குறுக்காகத் திருப்பினால் துணியின் நிறம் அருமையாக வரும், ஜரிகையோ செத்துப்போகும்.

ஒவ்வொரு விளக்கு அமைப்புக்கும் 24 கட்டம் உள்ள கலர் செக்கர் அட்டையை முதல் ஃபிரேமில் வைத்து எடுத்து, அதிலிருந்து ஒரு புரொஃபைல், அதாவது நிறத் திருத்தக் கணக்கு, செய்துகொள்கிறேன். வாடாமல்லி மட்டும் அப்போதும் மல்லுக்கு நிற்கும். அது விளக்கின் குற்றமில்லை. இணையத்தில் படம் போகும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற எல்லைக்குள் அந்த நிறம் அடங்குவதில்லை. சிவப்புச் சேனல் 255இல் முட்டிக்கொண்டு, நூலின் இழையே தெரியாமல் பெயின்ட் அடித்தது போல் நிற்கும். செறிவைக் கொஞ்சம் இறக்கி இழையைக் காப்பாற்றுவேன். பளிச்சென்று இருந்தால்தான் விற்கும் என்று சில முதலாளிகள் சண்டைக்கு வருவார்கள். வாங்குகிறவர் போனே விவிட் மோடில்தான் இருக்கும், மீதியை அது ஏற்றிக்கொள்ளும் என்று சமாதானம் சொல்வேன்.

தம்பிகளுக்கு நான் சொல்வது, வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்காத விளக்கே இல்லை. ஒரு அரக்கு, ஒரு மயில் கழுத்து, ஒரு வெள்ளை வேட்டி, மூன்றையும் காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னலோரம் கலர் செக்கரோடு எடுங்கள். ஜன்னலை மூடி, அதே இடத்தில் வாடகை விளக்கில் எடுங்கள். இரண்டுக்கும் சாம்பல் கட்டத்தில் வொயிட் பேலன்ஸ் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவும் உங்களுடையது, துணியும் உங்களுடையது, இதைவிட நேர்மையான ஸ்பெக் ஷீட் கிடையாது.

சமீபத்தில் ஒரு வாடிக்கையாளர் கடைக்காரரிடம் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார்: "பகல்ல எப்படி இருக்கும்னு தெரியுது, ராத்திரி ரிசப்ஷன்ல எப்படி இருக்கும்?" அதிலிருந்து ஒவ்வொரு புடவைக்கும் கடைசியில் ஐந்து நொடி மண்டப வெளிச்ச க்ளிப் ஒன்று சேர்க்கிறேன். 3000 கெல்வின், ஆர்9 90க்கு மேல் உள்ள விளக்கு. கேமராவில் 3000 வைத்தால் மஞ்சள் மொத்தமும் துடைத்துக்கொண்டு போய்விடும், பகல் மாதிரியே ஆகிவிடும். அதனால் 4000 பக்கம் நிறுத்துகிறேன். ராமர் பச்சை மட்டும் அதில் கொஞ்சம் கறுக்கிறது. மண்டபத்திலும் அப்படித்தான் கறுக்கும் என்பதால் அதைத் திருத்துவதில்லை.